காணாமல் போன நீலத்தாள்

நார்மா லெவெரெட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். பிரதிநிதிகள் சபையின் மசோதா குமாஸ்தாவாகப் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள், அதுவரை எந்த அறைக்குள்ளும் தட்டாமல் நுழைந்ததில்லை. காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த லெஃப்டினன்ட் ஹாஸ்கின்ஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், ஒரு மசோதாவைத் தொலைச்சுட்டேன்" என்றாள் நார்மா.

"உக்காரும்மா. எந்த மசோதா?"

"மிலிட்சா வுகோவிச் மசோதா."

மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்த பியூலா ஸ்ட்ராத்தர் சட்டென்று நிமிர்ந்தாள். வாஷிங்டனில் இரண்டு சபைகளும் கூடுகிற கேப்பிடல் கட்டடத்துக்கு வரும் கூட்டங்களைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி அவள். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் ஹாஸ்கின்ஸின் அறையில் வந்து காலாறுவாள். பேச்சு அவளுக்குத் தொழில். தொழில் நேரம் முடிந்த பிறகும் அதை நிறுத்துகிற வழி அவளுக்குத் தெரியாது.

"அந்த விதவைப் பொண்ணா? இன்னிக்குத்தானே சபை முடியுது! ஆறு மணிக்கு எல்லாரும் மூட்டையைக் கட்டிருவாங்களே!"

"அதான் பியூலா" என்றாள் நார்மா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஹாஸ்கின்ஸ் கேப்பிடல் காவல்படையில் சேர்ந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. நிதானமான மனிதர். பார்வையாளர் மாடத்தில் அமைதி காப்பதுதான் அவருடைய முதல் வேலை. மாடத்தில் யாரும் கை தட்டக்கூடாது என்பது விதி. தட்டினால் வெளியே அனுப்பிவிடுவார், ஆள் யாரென்று பார்க்க மாட்டார். ஒரு தடவை ஒரு கவர்னரின் மனைவியையே படியிறக்கிவிட்டிருக்கிறார்.

மிலிட்சாவின் கதை அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐரோப்பாவின் டால்மேஷியக் கடற்கரையிலிருந்து சின்ன மகளோடு வந்தவள். பென்சில்வேனியாவில் உருக்காலைத் தொழிலாளி ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். குடியுரிமைக் காகிதங்கள் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, நான்காம் மாதம், பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து அவன் செத்துப்போனான். கணவன் போனதும் காகிதங்களும் செல்லாமல் போயின. செப்டம்பர் முதல் தேதி கப்பலேறு என்று அரசாங்கம் கடிதம் போட்டது. சட்டப்படி அது சரிதான். சட்டப்படி சரி, ஆனால் நியாயமில்லை என்றால் அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு ஆளுக்காக மட்டும் ஒரு சட்டம் செய்வோம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். போருக்கும் வரிக்கும் சட்டம் செய்கிற அதே இரண்டு சபைகள், அதே கமிட்டிகள், அதே சபாநாயகர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பெயரை மேலே எழுதி, அவள் இங்கே இருக்கலாம் என்று ஒரு பக்கத்தில் சட்டம் செய்வார்கள். வசந்த காலத்தில் பிரதிநிதிகள் சபை அப்படித்தான் மசோதாவை நிறைவேற்றி செனட்டுக்கு அனுப்பியது. அதில் ஒரு பிழை இருந்தது. மிலிட்சாவின் ஏழு வயது மகள் ஆங்காவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். செனட் கமிட்டியில் யாரோ புண்ணியவான் அதைக் கவனித்து, மகளையும் சேர்த்து ஒரு வரி எழுதினார். திருத்தம் என்று வந்துவிட்டால் பிரதிநிதிகள் சபை மறுபடியும் ஒப்புக்கொள்ள வேண்டும். சபை கலைந்தால் நிலுவையில் இருக்கும் மசோதா எல்லாம் செத்தது செத்ததுதான். ஜனவரியில் புது சபை வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும்.

"ஆரம்பத்துலேருந்து சொல்லு" என்றார் ஹாஸ்கின்ஸ்.

"ஒரு மணிக்கு செனட்லேருந்து எஸ்ரா பிளவுன்ட் வந்தார். நடுவழியில நின்னு குனிஞ்சார். 'சபாநாயகர் அவர்களே, செனட்டிடமிருந்து ஒரு செய்தி'ன்னு சொன்னார். தாளை என் கையிலதான் குடுத்தார். என் அறையில மேஜை மேல வச்சேன். ஒண்ணு பத்துக்கு மணி ரெண்டு தடவை அடிச்சுது, ஓட்டெடுப்பு. பேர் கூப்பிடறப்ப நான் உக்காந்து குறிக்கணுமே, ஓடினேன். நானூத்து முப்பத்தஞ்சு பேரைக் கூப்பிட்டு முடிக்க ரெண்டு மணி ஆயிடுச்சு. வந்து பார்த்தா மேஜை காலி."

"அறையைப் பூட்டலையா?"

"அந்த அறையை யாரும் பூட்டினதே இல்லை சார். சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"அச்சடிச்ச நகல் நூறு கிடக்குமே, ஒண்ணை எடுத்துக்கிட்டா போச்சு" என்றாள் பியூலா.

"நகல் வெறும் காகிதம் பியூலா. சபை நிறைவேத்தினதும் நீலத்தாள்ல அச்சடிச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பறோமே, அந்த ஒரே தாள்தான் மசோதா. அதுமேல செனட் திருத்தத்தைக் குத்தி அனுப்பியிருக்காங்க. தாள் எந்த சபை கையில இருக்கோ அந்த சபைதான் அதைத் தொட முடியும். இப்ப யார் கையிலயும் இல்லை."

"வேற வழி?" என்றார் ஹாஸ்கின்ஸ்.

"தொலைஞ்சு போச்சுன்னு சபையில சொல்லி, செனட்கிட்ட மறு தாள் கேக்கலாம். ரெண்டு சபையிலயும் ஒருத்தர்கூட 'ஆட்சேபம்'னு சொல்லக்கூடாது. சொன்னா முடிஞ்சுது." நார்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு மாடத்துல உக்காந்திருக்கா சார். மகளையும் கூட்டிட்டு வந்திருக்கா. அக்டோபர்ல அவ புருஷன் செத்த வழக்கு வேற விசாரணைக்கு வருது. சங்கிலி சரியில்லைன்னு அவன் சொன்னதைக் கேட்டது அவ ஒருத்திதான். காலையில எனக்கு ஒரு டப்பாவுல ரொட்டி கொண்டுவந்து குடுத்தா. நான் அவ மசோதாவைத் தொலைச்சுட்டு நிக்கறேன்."

"இன்னிக்கு உன் அறைப் பக்கம் யார் வந்தாங்க?"

"காலையில ஹூப்பர் வந்து மசோதா எப்ப வருதுன்னு கேட்டார். மத்தியானம் ராண்டி கிப்ஸ் எட்டிப் பார்த்தான். எங்ககூட பதினோரு வருஷம் வேலை பார்த்தவன், சும்மா நலம் விசாரிக்க. அவ்வளவுதான்."

"ஹூப்பர்!" என்று பியூலா தொடையைத் தட்டினாள். "அந்தக் கிழவர்தான்! வசந்தத்துலயே எழுந்து ஆட்சேபம்னு கத்தினவர் அவர் ஒருத்தர்தான். கேஸ் முடிஞ்சுது, லெஃப்டினன்ட். போய்ப் பிடிங்க."

"முதல்ல செருப்பைப் போடுங்க" என்றார் ஹாஸ்கின்ஸ்.

இருவரும் கீழ்த்தளத் தாழ்வாரம் வழியாக நடந்தார்கள். சபை முடிகிற நாளில் அந்தத் தாழ்வாரம் கல்யாணம் முடிந்த வீடு மாதிரி இருக்கும். இரண்டு வருடக் காகிதங்களைக் கட்டுக் கட்டாகச் சிவப்பு நாடாவால் கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். முந்நூறு கட்டுகளாவது இருக்கும். நாலு மணிக்கு ஆவணக் காப்பகத்தின் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகஸ்டு மாத வாஷிங்டன் வெக்கை வேறு. பியூலா ஒரு கட்டின் மேல் கையூன்றி நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளைக் கைக்குட்டை சிவந்துபோயிற்று. அரசாங்க நாடாவின் சாயத்தைத் திட்டிக்கொண்டே கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள்.

லிஃப்டை இயக்குகிறவர் கதவைத் திறந்ததுமே சிரிக்க ஆரம்பித்தார். "கேட்டீங்களா லெஃப்டினன்ட்? மத்தியானம் செனட் பக்கம் சாப்பாட்டு நேரத்துல ஓட்டெடுப்பாம். ஒரு செனட்டர் கழுத்துல நாப்கினோடயே ஓடிப்போய் ஓட்டுப் போட்டாராம். காலையிலேருந்து ஏறினவங்க இறங்கினவங்க எல்லாருக்கும் இதான் பேச்சு."

"மத்தியானம் நடந்ததைக் காலையிலேருந்து எப்படிப்பா பேசுவாங்க?" என்றாள் பியூலா. அவர் அதற்கும் சிரித்தார்.

எஸ்ரா பிளவுன்ட் நடுமண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சபைகளுக்கும் இடையே முப்பது வருடமாக மசோதாக்களைக் கையில் ஏந்தி நடந்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"தொலைஞ்சுதா? நான் சுமந்துக்கிட்டு வந்த ஒரு தாள்கூட இதுவரைக்கும் தொலைஞ்சதில்லை சார்."

"உங்க கையிலேருந்து தொலையலை. நார்மாகிட்ட குடுத்ததும் என்ன பண்ணினீங்க?"

"திரும்பி எங்க பக்கம் நடந்தேன். செனட் சாப்பாட்டு அறை வாசலுக்கு வந்தப்ப ஒண்ணு இருபது இருக்கும். மணி ஒரு தடவை அடிச்சுது. செனட்டருங்க சூப்பை அப்படியே விட்டுட்டு ஓட்டுப் போட ஓடினாங்க. நான் சுவரோட ஒட்டிக்கிட்டேன், இல்லைன்னா மிதிச்சிருப்பாங்க."

"உள்ள யாரைப் பார்த்தீங்க?"

"அந்தக் கூட்டத்துல யாரைப் பார்க்கறது? நாப்கின் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

ஹாஸ்கின்ஸ் நன்றி சொல்லிவிட்டுப் பிரதிநிதிகள் சபைப் பக்கம் திரும்பினார். ராண்டால் கிப்ஸ் அங்கேதான் தாழ்வாரத்தில், பெரிய கடிகாரத்துக்குக் கீழே, இரண்டு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பழைய மசோதா குமாஸ்தா என்று சொன்னால் நம்ப முடியாது. பளபளவென்று கோட்டும் சூட்டுமாக, இப்போது கம்பெனிகளுக்கு சபையின் நெளிவுசுளிவைச் சொல்லிக் கொடுப்பவன். கதவுக்காரர்களுக்குப் பழகின முகம் என்பதால் அவனை யாரும் நிறுத்துவதில்லை.

"நார்மாவுக்கா இப்படி?" என்றான். "பாவம்! அவளுக்கு மசோதாவைக் கட்டக் கத்துக்குடுத்ததே நான்தான். எங்கயாவது நழுவி விழுந்திருக்கும், லெஃப்டினன்ட். மேஜைக்குக் கீழே பார்த்தீங்களா?"

"பார்த்தோம். ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் இருந்தீங்களா?"

"எங்க? செனட் பக்கம் சாப்பிடப் போயிருந்தேன். பீன்ஸ் சூப். பாதிதான் குடிச்சிருப்பேன், மணி ரெண்டு தடவை அடிச்சுது. ஓட்டெடுப்புன்னு செனட்டருங்க எல்லாம் எழுந்து ஓடினாங்க. ஒருத்தர் நாப்கினோடயே ஓடினார், அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கலை. நான் இருந்து சூப்பை முடிச்சுட்டு ரெண்டுக்குத்தான் கிளம்பினேன்."

"நல்ல சூப்தான்" என்றார் ஹாஸ்கின்ஸ். அவர் கண் கிப்ஸின் இடது மணிக்கட்டில் ஒரு கணம் நின்று விலகியது. வெள்ளைச் சட்டைக் கையோரத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்.

பியூலாவும் பார்த்துவிட்டாள். பத்தடி தள்ளி வந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பார்த்தீங்களா? லிப்ஸ்டிக்! அந்த ஆள் சூப் குடிக்கப் போகலை, எவளையோ பார்க்கப் போயிருக்கான். அவன் பொண்டாட்டி எனக்குத் தெரிஞ்சவ."

"கையோரத்துல முத்தம் குடுக்கிற பொண்ணை நான் பார்த்ததில்லை, பியூலா."

"நீங்க எந்தப் பொண்ணைத்தான் பார்த்தீங்க, இருபத்தேழு வருஷமா கதவைத்தானே பார்த்துட்டு நிக்கறீங்க!"

ஹாஸ்கின்ஸ் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒரு தடவைதான்.

வெர்மான்ட் பிரதிநிதி லெமுவெல் ஹூப்பர் தன் அறையில் செருக்காக உட்கார்ந்து ஆப்பிளைச் சீவித் தின்றுகொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. தனி ஆளுக்காகச் சட்டம் செய்வதே தவறு, சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இருபது வருடமாக அந்த மாதிரி மசோதா எது வந்தாலும் எழுந்து நின்று எதிர்த்திருக்கிறார். அவரைக் கண்டால் எல்லோருக்கும் எரிச்சல். அவர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எதிர்ப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா, ஹாஸ்கின்ஸ்?"

"நான் இன்னும் யாரையும் சந்தேகப்படலை சார். இவங்கதான் படறாங்க."

பியூலா ஹாஸ்கின்ஸை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் விடவில்லை. "ஒண்ணு பத்துக்கு அப்புறம் எங்க இருந்தீங்க சார்?"

"ஓட்டுப் போட்டேன். என் பேர் பாதிக்கு முன்னாடியே வந்துடும். அப்புறம் எழுந்து இங்க வந்தேன். தனியாத்தான் வந்தேன், யாரும் பார்க்கலை. போதுமா?" ஒரு துண்டு ஆப்பிளை வாயில் போட்டுக்கொண்டார். "எனக்கு அந்த மசோதா மேல ஆட்சேபம்மா. தாள் மேல என்ன ஆட்சேபம்?"

"தாள் கிடைச்சா என்ன பண்ணுவீங்க சார்?" என்று கேட்டார் ஹாஸ்கின்ஸ்.

"அதை சபையில சொல்லுவேன். உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

வெளியே வந்ததும் பியூலா குதித்தாள். "வாயாலேயே ஒப்புக்கிட்டார்! தனியா இருந்தாராம், யாரும் பார்க்கலையாம்!"

ஹாஸ்கின்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். "எல்லாரையும் மூணரைக்குக் கீழ்த்தளத் தாழ்வாரத்துக்கு வரச் சொல்லுங்க. நார்மா, எஸ்ரா, ஹூப்பர், கிப்ஸ். லாரிக்காரன் வந்தா நிக்கச் சொல்லுங்க."

"அங்க எதுக்கு? கொசு பிடுங்குமே."

"சொல்லுங்க பியூலா."

மூன்றரைக்கு நாலு பேரும் சிவப்பு நாடாக் கட்டுகளுக்கு நடுவே நின்றார்கள். ஹூப்பர் சுவரில் சாய்ந்துகொண்டார். கிப்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நார்மா யாரையும் பார்க்கவில்லை. சுமைக்காரர்கள் இரண்டு பேர் தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"நேரமில்லை, சுருக்கமா சொல்றேன்" என்றார் ஹாஸ்கின்ஸ். "எஸ்ரா தாளைக் குடுத்தார், நார்மா வாங்கிக்கிட்டா. அதோட எஸ்ரா விலகிட்டார். மிஸ்டர் ஹூப்பர் எடுத்திருப்பாரோன்னு பியூலாவுக்கு நினைப்பு."

"அவருக்குத்தானே மசோதா பிடிக்கலை!" என்றாள் பியூலா.

"பிடிக்கலை. வசந்தத்துல ஆட்சேபம்னு எழுந்தார். அன்னிக்கு மசோதாவைத் தடுக்க ரெண்டு பேர் ஆட்சேபிக்கணும். அவர்கூட யாரும் எழுந்திருக்கலை, தோத்தார். ஆனா இன்னிக்கு சபை முடியற நாள். செனட் திருத்தத்தை ஏத்துக்க எல்லாரும் சம்மதிக்கணும்னு கேப்பாங்க. இன்னிக்கு ஒருத்தர் போதும். இடத்தைவிட்டு நகராம 'ஆட்சேபம்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா மசோதா செத்துப் போகும். அந்த வார்த்தை கையில இருக்கிறவர், எழுபத்திரண்டு வயசுல எதுக்கு அடுத்தவங்க அறையில நுழைஞ்சு திருடணும்?"

பியூலா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அது நடப்பதை அந்தக் கட்டடத்தில் யாரும் அதிகம் பார்த்ததில்லை.

"அப்ப எடுத்தவர், சபையில எழுந்து பேச உரிமை இல்லாத ஒரு ஆள். ஆனா எது மசோதா, எது வெறும் நகல்னு தெரிஞ்ச ஆள். மணி அடிச்சா நார்மா ஓடியாகணும், அறை பூட்டாம கிடக்கும்னும் தெரிஞ்ச ஆள்." ஹாஸ்கின்ஸ் திரும்பினார். "மிஸ்டர் கிப்ஸ், செனட் பக்கம் மணி எத்தனை தடவை அடிச்சுதுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு தடவை. அதான் சொன்னேனே, ஓட்டெடுப்பு."

எஸ்ரா பிளவுன்ட் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"எஸ்ரா, உங்க பக்கம் ஓட்டெடுப்புக்கு எத்தனை மணி?"

"ஒண்ணுதான் சார். எப்பவும் ஒண்ணுதான். ரெண்டு அடிச்சா தலை எண்ணறாங்கன்னு அர்த்தம்."

"இன்னிக்கு ஒண்ணு இருபதுக்கு?"

"ஒண்ணு. என் காதால கேட்டேன்."

"பிரதிநிதிகள் சபையில ஓட்டெடுப்புன்னா ரெண்டு" என்றார் ஹாஸ்கின்ஸ். "ஒரே கட்டடம், ஒரே கூரை. ஆனா ரெண்டு சபையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து எதையும் பழகிக்கிட்டதில்லை, மணியைக்கூட. செனட்ல ஓட்டெடுப்பு நடந்தது, சூப்பை விட்டுட்டு ஓடினது, நாப்கின், எல்லாம் நிஜம். ரெண்டரை மணிக்கு லிஃப்ட்ல ஏறின எல்லாருக்கும் தெரியும். ஆனா மணி எத்தனைன்னு லிஃப்ட்ல யாரும் சொல்லலை. அதை நீங்க உங்க மனசுலேருந்து போட்டுக்கிட்டீங்க. பதினோரு வருஷம் இந்தப் பக்கம் வேலை பார்த்தவருக்கு ஓட்டெடுப்புன்னாலே காதுல ரெண்டு மணிதான் கேக்கும். கம்பெனிக்காரங்க உங்க சட்டையை மாத்தினாங்க, ராண்டி. காதை மாத்த முடியலை. நீங்க இன்னமும் எங்க ஆளுதான். அதான் மாட்டிக்கிட்டீங்க."

கிப்ஸ் சிரிக்கப் பார்த்தான். "ஒரு மணிச் சத்தத்தை வச்சு ஒரு ஆளைத் திருடன்னு சொல்லுவீங்களா?"

"இல்லை. உங்க கையோரத்தையும் வச்சுச் சொல்லுவேன். பியூலா, உங்க கைக்குட்டையை எடுங்க."

பியூலா பையிலிருந்து எடுத்து விரித்தாள். கைக்குட்டைக் கறையையும் கிப்ஸின் சட்டைக் கறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாடாச் சாயம்!" என்று கத்தினாள். "அட, என் புத்தியைச் செருப்பால அடிக்க!"

"வேர்த்த கையால இதுல ஒரு கட்டை அவிழ்த்துக் கட்டியிருக்கீங்க. பழகின முகமா இருந்தாலும், நீலத்தாளோட வாசலைத் தாண்டினா என் ஆளுங்க பார்த்துடுவாங்க. கிழிச்சா துண்டு எங்கயாவது கிடைக்கும். நாலு மணி வரைக்கும் மறைச்சு வச்சா போதும், மிச்சத்தை லாரி பார்த்துக்கும்."

"முந்நூறு கட்டு இருக்கே சார்" என்றாள் நார்மா.

"முந்நூறும் வேண்டாம்மா. வெள்ளைத் தாளுக்கு நடுவுல நீலத்தாள் வச்சா ஓரத்துலயே தெரியும். கட்டறவன் கண்ணுல படும். நீலம் நீலத்துக்குள்ளதான் மறையும். நீலத்தாள் மட்டும் இருக்கிற கட்டு எத்தனை?"

நார்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று கடைசி அடுக்குக்குப் போனாள். "நாலு. சட்டமா ஆன மசோதாவோட தாளெல்லாம் தனியாக் கட்டுவோம்." முதல் கட்டை விட்டாள், இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவது கட்டின் நாடாவில் ஈர விரல்கள் பட்டுச் சாயம் மேல்தாளில் இழுத்திருந்தது. முடிச்சை அவள் கை அடையாளம் கண்டுகொண்டது. அந்த முடிச்சைப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவிழ்த்துத் தாள்களைப் புரட்டினாள். நடுவில், செனட்டின் ஒரு வரித் திருத்தம் குத்தியபடியே, மிலிட்சா வுகோவிச் இருந்தாள்.

நார்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிப்ஸைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு கொண்டுவந்த ரொட்டியை மத்தியானம் உனக்கும் ஒரு துண்டு குடுத்தேனே, ராண்டி."

கிப்ஸ் கறை பட்ட கையோரத்தைக் கோட்டுக்குள் இழுத்துவிட்டுக்கொண்டான். ஹூப்பர்தான் பேசினார்.

"இந்த ஆள் காலையில என் அறைக்கு வந்தான். உருக்காலைக்காரங்க அனுப்பினாங்களாம். அந்தப் பொம்பளை அக்டோபர்ல இங்க இருந்தா வழக்குல சாட்சி சொல்லிடுவாளாம். நான் இன்னிக்கு ஆட்சேபிப்பேன்னு உறுதி குடுக்கணுமாம். நான் ஆட்சேபிக்கிறது என் மனசாட்சிக்கு, உன் கம்பெனிக்கு இல்லைன்னு சொல்லி வெளியே போகச் சொன்னேன்." ஆப்பிள் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். "என்னை நம்ப முடியலைன்னுதான் திருடியிருக்கான். அந்த வகையில எனக்குச் சந்தோஷம்."

"ஒரு விஷயம் மட்டும் சரியாச் செஞ்சீங்க, ராண்டி" என்றார் ஹாஸ்கின்ஸ், அவன் தோளில் கை வைத்து. "சட்டமான மசோதாங்களோடதான் வச்சிருக்கீங்க. என்ன, கொஞ்சம் முன்னாடியே வச்சுட்டீங்க."

ஹாஸ்கின்ஸின் காவலர்கள் வந்து கிப்ஸை அழைத்துப் போனார்கள். போகிற வழியில் பழகின கதவுக்காரர்கள் யாரும் அவனுக்குக் கதவைத் திறந்துவிடவில்லை. காவலர்களே திறந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்கு மேல் சபையில் நிற்க இடமில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் பாதிப்பேர் பெட்டியை நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். மாடத்தின் முதல் வரிசையில் மிலிட்சா ஆங்காவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பியூலா. வாசலில் ஹாஸ்கின்ஸ், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

மிலிட்சாவின் ஊர்ப் பிரதிநிதி எழுந்து, நீலத்தாளை சபாநாயகரின் மேஜையிலிருந்து எடுத்து செனட்டின் திருத்தத்தை ஏற்க எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று கேட்டார்.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் சபாநாயகர்.

ஹூப்பர் எழுந்து நின்றார்.

பேச்சுச் சத்தம் அடங்கியது. பியூலா மிலிட்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்சேபிக்கிற உரிமையை வச்சுக்கிட்டுப் பேசறேன், சபாநாயகர் அவர்களே" என்றார் ஹூப்பர். "இந்த மசோதா எனக்குப் பிடிக்கலை. இப்பவும் பிடிக்கலை. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்கிறது என் கட்சி. வசந்தத்துல எழுந்து சொன்னேன், தனியா நின்னேன், தோத்தேன். அது சரி. தோக்கறதுக்கும் சேர்த்துத்தான் எங்க ஊர்க்காரங்க என்னை அனுப்பியிருக்காங்க. ஆனா இன்னிக்கு ஒரு ஆள் இதைத் திருடிக் கொல்லப் பார்த்தான். இந்த சபையில ஒரு மசோதா சாகணும்னா நம்ம கையால சாகணும், எல்லாரும் பார்க்க, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுப் போட்டுச் சாகணும். நாடாக் கட்டுக்குள்ள மூச்சு முட்டிச் சாகக்கூடாது. இப்ப நான் அந்த வார்த்தையைச் சொன்னா, அவன் கீழ்த்தளத்துல செஞ்ச வேலையை நான் மேல்தளத்துல முடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும். நான் இந்த சபையோட ஆளு." அவர் மாடத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "என் உரிமையை விட்டுக்குடுக்கறேன்."

உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்சேபம் உண்டா?" என்று மறுபடியும் கேட்டார் சபாநாயகர். நானூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் இருமக்கூட இல்லை. "ஆட்சேபம் இல்லை. திருத்தம் ஏற்கப்பட்டது." சுத்தியல் விழுந்தது. குமாஸ்தா அடுத்த மசோதாவைப் படிக்க ஆரம்பித்தார்.

மிலிட்சா பியூலாவின் காதருகே குனிந்தாள். "எப்ப ஓட்டுப் போடுவாங்க?"

"ஆயிடுச்சும்மா."

"எது?"

"எல்லாம். நீயும் உன் பொண்ணும் இங்கதான் இருக்கப் போறீங்க. இன்னும் தோல்தாள்ல எழுதி, ரெண்டு சபைத் தலைவருங்களும் கையெழுத்துப் போட்டு, ஜனாதிபதிகிட்ட போகணும். அது போயிடும். நார்மா இனிமே அதைக் கையைவிட்டு இறக்க மாட்டா." பியூலா வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். "கை மட்டும் தட்டிடாதே. இங்க தட்டக்கூடாது. வாசல்ல நிக்கறாரே, அவர் விடமாட்டார்."

ஒன்பதாம் நாள் ஜனாதிபதியின் கையெழுத்தும் விழுந்தது. அக்டோபரில் மிலிட்சா சாட்சிக் கூண்டில் ஏறி, சங்கிலியைப் பற்றித் தன் கணவன் சொன்னதைச் சொன்னாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மாலை மாடத்தில் நடந்தது வேறு.

மிலிட்சா மகளின் காதில் தங்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னாள். ஆங்கா அம்மாவின் மடியிலிருந்து இறங்கி நின்றாள். கீழே பெட்டியும் படுக்கையுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, படபடவென்று தட்டினாள்.

கீழே தலைகள் நிமிர்ந்தன. ஹூப்பரும் நிமிர்ந்தார். சபாநாயகர் சுத்தியலைத் தூக்கி, வாசலில் நின்ற லெஃப்டினன்ட் ஹாஸ்கின்ஸைப் பார்த்தார்.

ஹாஸ்கின்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ கோளாறு என்பதுபோல, அந்தக் குழந்தை தட்டி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.